பாவின் கடைசி முழம்

பட்டு நெசவுக்குப் பேர்போன மர்கிலானில், மிர்வாஹித்தின் தறிக்கூடத்துக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவள் இனோபத். கடைசியாக வந்தவளைத்தான் முதலில் நிறுத்துவார்கள் என்பது அங்கே யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அதனால் அந்த இலையுதிர் காலத்தில், பட்டு விலை இப்படியே ஏறிக்கொண்டு போனால் குளிர்காலத்தில் எல்லாத் தறிகளையும் ஓட்ட முடியாது என்று முதலாளி சொன்னபோது, மற்றப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இனோபத் யார் முகத்தையும் பார்க்கவில்லை. குறுக்கே ஓடும் ஊடை இழையைக் கொண்டுபோகிற நாடாவை எடுத்துச் சும்மா துடைத்துக்கொண்டிருந்தாள்.

மிர்வாஹித் கத்துகிற மனிதர் அல்ல. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்படி மெதுவாகப் பேசுவார். வாசலோரம் கிடந்த சாக்கைத் தூக்கிவந்து தரையில் கவிழ்த்தார். தறியில் நீளவாட்டில் ஓடுகிற பாவு முடிந்ததும், அதிலிருந்து அறுத்துப் போட்ட பட்டு மிச்சங்கள். சிவப்பும் மஞ்சளும் கருநீலமுமாக, ஒவ்வொன்றும் கை நீளத்துக்குக் குறையாமல், சுருண்டு சுருண்டு விழுந்தன.

"இழையிலயே பூ விழற மாதிரி கட்டி, சாயம் தோய்ச்சு, உலர்த்தி, இவ்வளவு பாடுபட்ட பட்டும்மா இது. ஒரு இழை ஊடைகூட படாம குப்பைக்குப் போகுது. எங்கப்பா காலத்துல பட்டு மலிஞ்சு கிடந்துச்சு. இன்னிக்கு எனக்குக் கட்டுப்படி ஆகல. யாருக்காவது வழி தெரிஞ்சா சொல்லுங்க" என்றார்.

அவர் போனபிறகு பெண்கள் சிரித்தார்கள். இருக்கிறவர்களில் சின்னவளான மர்ஹபோ, வேலையை விட வாய்தான் அதிகம் ஓடும் அவளுக்கு, "மிச்சமே விழக்கூடாதுன்னா நம்ம தலைமுடியத்தான் முடிஞ்சு நெய்யணும்" என்றாள். இனோபத்தும் சிரித்து வைத்தாள்.

அந்தத் தறிகளில் பாவின் வால் ஒரு குச்சியில் கட்டியிருக்கும். குச்சியிலிருந்து ஒரு கயிறு பின்மரத்தைத் தாண்டி மேலேறி, உத்தரத்துக் கப்பியில் புரண்டு, ஒரு கல்மூட்டையில் போய் முடியும். அந்தக் கல்லின் கனம்தான் பாவை விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருக்கும். நெய்ய நெய்யப் பாவு முன்னால் நகரும், கல்மூட்டை மேலே போகும். குச்சி பின்மரத்தில் வந்து முட்டிவிட்டால் அவ்வளவுதான். பின்மரத்துக்கும், இழைகளைத் தூக்கி இறக்குகிற விழுதுக்கும் நடுவே நிற்கிற பட்டிழைகளை அறுத்து, விழுதுக்குப் பின்னால் தொங்குகிற நுனிகளோடு புதுப்பாவை இழை இழையாக முடிச்சுப் போடுவார்கள். அறுத்தது சாக்குக்குப் போகும்.

அந்தச் சாக்கு வாராவாரம் வியாழக்கிழமை இனோபத்தின் வீட்டுக்குத்தான் போகும்.

இனோபத்தின் கணவன் எர்காஷுக்கு ஒரு தங்கை, ஹோஸியத். அவள் புருஷன் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன், அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு, போனிலேயே தலாக் சொல்லிவிட்டான். மகள் ஒய்தினைக் கையில் பிடித்துக்கொண்டு ஹோஸியத் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். வந்த மறுநாளே, "இங்க மூலையில ஒரு அறை போதும் அண்ணே, என் ரொட்டிய என் கையால சம்பாதிச்சுத் தின்னுக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னபடியே நடந்துகொண்டாள். மணப்பெண்களின் மேலங்கிக்கும், சல்வார் கால்களுக்கும் ஓரத்தில் பட்டுக் கரை பின்னிக் கொடுப்பது அவள் தொழில். பட்டு வளையங்களை இரண்டு கை விரல்களிலும் மாட்டிக்கொண்டு ஒன்றுக்குள் ஒன்றை வாங்கி வாங்கிப் பின்ன வேண்டும். பின்னப் பின்ன எதிரே உட்கார்ந்து இன்னொருத்தி ஊசியால் அதைத் துணியோடு சேர்த்துத் தைக்க வேண்டும். அந்த இன்னொருத்தி இனோபத். தறி வேலை முடிந்து வந்து, இறைச்சிச் சாறான சுர்ப்பாவை அடுப்பில் கொதிக்க விட்டுவிட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்க இருவரும் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவார்கள். ஹோஸியத் தன் பழைய மாமியாரைப் போல நடித்துக் காட்டினால் இனோபத் ஊசியைக் குத்திக்கொள்ளும் அளவுக்குச் சிரிப்பாள்.

அந்த வளையத்துக்குக் கை நீளப் பட்டு வேண்டும். கூடினால் கையை விரிக்க முடியாது, குறைந்தால் பின்னல் நடக்காது. தறியில் விழுகிற மிச்சம் அளவெடுத்தாற்போல அதே நீளம். மிர்வாஹித்தின் அப்பா, ஹோஸியத்தின் தகப்பன் தன்னிடம் இழையைக் கட்டிச் சாயம் தோய்க்கும் சாயக்கட்டு வேலை பார்த்தவன் என்ற உறவுக்காக, அந்தச் சாக்கை அவளுக்கே விட்டுவிட்டார். அப்பா செத்தபின் மகனும் அதை மாற்றவில்லை. சாக்கில் போனது என்ன ஆகிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதும் இல்லை. மெத்தைக்குள் திணிப்பார்கள் என்று நினைத்திருந்தார்.

இதெல்லாம் இனோபத்துக்குத் தெரியும். தெரியாமல் செய்தாள் என்று யாரும் சொல்ல முடியாது.

மதியம் மற்றவர்கள் முற்றத்தில் ரொட்டியும் திராட்சையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவள் தறிக்குப் பின்னால் போய் நின்றாள். அவள் பாவு முடிகிற கட்டத்தில் இருந்தது. குச்சி பின்மரத்தில் முட்டிக்கொண்டு நிற்க, அதற்கும் விழுதுக்கும் நடுவே நல்ல பட்டு நீண்டு கிடந்தது. அவள் கல்மூட்டையைக் கீழே இறக்கினாள். தடிக்குச்சியை எடுத்துவிட்டு ஒரு மெல்லிய கம்பியைச் செருகினாள். கம்பியில் கொத்துக் கொத்தாக நீளப் பருத்திக் கயிறு கட்டி, கயிற்றைப் பின்மரத்தின் மேல் விட்டு, மறுபடி கல்லைத் தொங்கவிட்டாள். இப்போது பின்மரத்தில் ஓடியது பருத்திக் கயிறு. பட்டு முழுவதும் முன்னால் வந்துவிட்டது.

கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போதே கண் வாசலோரம் கிடந்த சாக்கின்மேல் போனது. கை நின்றது. தறி போனால் என்ன ஆகும் என்று யோசித்தாள். எர்காஷ் மர்கிலானுக்கும் ஃபெர்கானாவுக்கும் நடுவே ஓட்டுகிற வண்டி, ஓடிய நாளை விடப் பட்டறையில் நின்ற நாள்தான் அதிகம். வீட்டில் இரண்டு பையன்கள். சாக்கா தறியா என்றால் தறிதான் என்று மனசு சொன்னது. மனசு சொன்னதை வாய்விட்டு யாரிடமாவது சொல்லியிருக்கலாம். அன்று மாலை எதிரே உட்கார்ந்து ஊசி குத்தும்போது ஹோஸியத்திடமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் நடக்குதா பார்ப்போம், நடக்காத ஒன்றுக்கு எதற்கு வாயைக் கொடுக்க வேண்டும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

முதல் தடவை நடக்கவில்லை. பாவு குட்டையாகக் குட்டையாக ஓர இழைகள் தொய்ந்து, துணி ஓரம் பல்லிளித்தது. இரண்டாம் பாவும் கெட்டபோது ஓரத்துக்கு ஒரு சூட்சுமம் பிடிபட்டது. மூன்றாம் பாவில் இழைகளுக்கு நடுவே நாடா நுழைகிற வாய் குறுகியபோது, நாடாவை விட்டுவிட்டு மெல்லிய தட்டைக்குச்சியில் ஊடையைச் சுற்றி நுழைத்தாள். கம்பி விழுதின் முதுகில் வந்து இடிக்கிறவரை நெய்தாள். மிச்சம் விழுந்தது ஒரு சாண்தான்.

மிர்வாஹித் அந்தச் சாண் பட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். எல்லோரையும் கூப்பிட்டு, இனி எல்லாத் தறியிலும் இதுதான் முறை, இனோபத் காட்டிக்கொடுப்பாள், இது நடந்தால் குளிர்காலத்தில் ஒரு தறியும் நிற்காது என்றார். பெண்களுக்கு உயிர் வந்தது. ஒருத்தி இனோபத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரத்தில் இனோபத்துக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. தன்னால் இத்தனை வீட்டு அடுப்பு எரியும் என்ற நினைப்பு அவளை நிமிர்த்தியது. மர்ஹபோ மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டாள்.

"அது சரி அக்கா, உங்க நாத்தனாருக்கு இனிமே சாக்குல என்ன போடறது? காத்தா?"

யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை ஹோஸியத் வழக்கம்போல வந்தாள். சாக்கைத் தூக்கினாள். அதன் கனம் கையில் பட்டதும் உள்ளே பார்த்தாள். ஒன்றை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தாள். விரலைச் சுற்றி முடிக்கவே சரியாக இருந்தது. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மர்ஹபோ கேட்காமலே சொல்கிறவள் அல்லவா, வாசல்வரை கூடப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அன்று மாலை இனோபத் வீடு திரும்பினாள். நாத்தனார் திட்டுவாள், அழுவாள் என்று நினைத்து, அதற்குச் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்தாள். ஹோஸியத் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. முற்றத்தில் சீமைமாதுளம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தவள், அண்ணி வந்ததைப் பார்த்துவிட்டு ஒய்தினைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து ஊசியைக் கொடுத்தாள். இனோபத் உட்காருகிற இடத்தில் அந்தச் சிறுமி உட்கார்ந்தாள். அவ்வளவுதான். இனோபத் அடுக்கி வைத்ததெல்லாம் வாய்க்குள்ளேயே கிடந்தது.

எர்காஷுக்கு இரண்டு நாளில் விஷயம் புரிந்துவிட்டது. மனைவியிடம், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றான். தங்கையிடம், நம் வீட்டு ரொட்டியில் உனக்குப் பங்கில்லையா என்றான். ஒருத்தி அடுப்பை ஊதினாள், ஒருத்தி ஊசியில் நூல் கோத்தாள். அவன் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு இல்லாத பழுதைப் பார்த்தான்.

சேர்த்து வைத்திருந்த பட்டு தீர்ந்தது. கல்யாணக் காலம், கரைக்கு ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். ஒருநாள் இனோபத் சீக்கிரமே வீடு வந்தாள். மூலை அறைக் கதவு திறந்திருந்தது. ஹோஸியத் தரையில் உட்கார்ந்து, மடியில் ஒரு மேலங்கியைப் போட்டுக்கொண்டு, தையலைப் பிரித்து, துணியிலிருந்து பட்டிழைகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். இனோபத்துக்கு அந்த மேலங்கி தெரியும். ஹோஸியத் கல்யாணத்தன்று போட்டிருந்தது. அவள் அப்பா கட்டிச் சாயம் போட்டது. மாதுளைச் சிவப்பில் வெள்ளைப் பூ.

"ஹோஸியத், ஐயோ, அத ஏன்..."

"ஏன்னா என்ன அண்ணி? தறியில மிச்சம் விழலன்னா வீட்டுல இருக்கறதத்தான் மிச்சமாக்கணும்." தலையைத் தூக்காமல் சொன்னாள். "கல்யாணமே மிச்சமில்ல, அங்கி இருந்து என்ன பண்ணப்போவுது."

அத்தனை நாளுக்குப் பிறகு வந்த முதல் பேச்சு அது. இனோபத் வாசலிலேயே நின்றாள். உள்ளே போய்க் கையைப் பிடித்திருக்கலாம். தான் போனால் தள்ளிவிடுவாள் என்று பயந்தாள். அடுப்படிக்குப் போய் மாவைப் பிசையத் தொடங்கினாள். எவ்வளவு நேரம் பிசைந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, மாவு கல் மாதிரி ஆகிவிட்டது.

மறுநாளிலிருந்து அவள் ஒரு காரியம் செய்தாள். பாவு முடிகிற நேரத்தில், நெய்யக்கூடிய பட்டை நெய்யாமல் முன்பு போலவே கை நீளத்துக்கு விட்டு அறுத்தாள். அறுத்ததைச் சாக்கின் அடியில் தள்ளி, மேலே மற்றவர்களின் சாண் துண்டுகளைப் பரப்பினாள். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். தான் காட்டிக்கொடுத்த முறையைத் தானே ஒளித்துக்கொண்டு கெடுப்பது வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு பாவிலும் செய்தாள். ஹோஸியத் சாக்குக்கு வருவதை நிறுத்தியிருந்ததால் ஒரு வியாழக்கிழமை இவளே அதைச் சுமந்துபோய் மூலை அறை வாசலில் வைத்தாள்.

ஹோஸியத் சாக்கைக் கொட்டினாள். நீளத் துண்டுகளைப் பார்த்ததும் ஒரு கணம் முகம் மலர்ந்ததை இனோபத் தன் கண்ணால் பார்த்தாள். பிறகு அவள் நாலைந்தை இழுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சேர்த்தாள். சாயக்கட்டுக்காரன் மகள். சிவப்பு எங்கே முடிகிறது, வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"இதுல பூ பாதியில நிக்குது" என்றாள். "இன்னும் ஒரு முழம் நெய்ஞ்சிருந்தா பூ முடிஞ்சிருக்கும். நீ வேணும்னே அறுத்திருக்க."

"உனக்குத்தான்..."

"எனக்கு விழுந்த மிச்சத்த நான் எடுத்தேன் அண்ணி. அது எனக்கு ஒருத்தர் குடுத்தது. இது அந்த மனுஷன் துணி. எனக்காக நீ திருடவும் வேணாம், அதத் தின்னு நான் வளரவும் வேணாம். எங்கருந்து கொண்டுவந்தியோ அங்கயே கொண்டுபோய்ப் போடு."

மெதுவாகத்தான் சொன்னாள். சாக்கில் எல்லாவற்றையும் திரும்ப அள்ளிப் போட்டு, வாயைக் கட்டி, அண்ணியின் கையில் கொடுத்தாள்.

இனோபத் மறுநாள் காலை சாக்கைக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்தாள். அப்போதுதான் வந்து நுழைந்த மிர்வாஹித் காலில் இடறி அதை நகர்த்தினார். கனமாக இருந்தது. அவிழ்த்துப் பார்த்தார். மேலே இருந்த துண்டுகளை விலக்கியதும் அடியில் இருந்தது கையோடு வந்தது.

அவர் வரிசையாக எல்லாத் தறிகளையும் பார்த்தார். பார்வை மர்ஹபோவிடம் போய் நின்றது. மர்ஹபோதான் பாதி நேரம் போனில் பேசிக்கொண்டே நெய்பவள். கயிறு கட்டச் சோம்பல் படுகிறாள் என்று முந்தின வாரம்தான் அவளைக் கண்டித்திருந்தார்.

"இங்க எல்லாரும் பிழைக்கணும்னு ஒரு முறை வெச்சோம். உனக்கு மட்டும் என்ன? திங்கட்கிழமையிலருந்து நீ வர வேணாம். உன் தறி நிக்கட்டும்" என்றார்.

மர்ஹபோவின் முகம் வெளுத்தது. நான் இல்லை, என் பாவு இன்னும் முடியவே இல்லை, ரொட்டிமேல் சத்தியம் என்று திக்கித் திக்கிச் சொன்னாள். அவர் கேட்காமல் திரும்பி நடந்தார். படுத்த படுக்கையாக அவள் அம்மா இருப்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் குறுக்கே பேசவில்லை. பேசினால் அடுத்த தறி தங்களுடையது.

இனோபத்தும் பேசாமல் இருந்திருக்கலாம். மிதியில் கால் வைத்து ஒரு தடவை மிதிக்கவும் செய்தாள். நாடா பாதி வழியில் நின்றது.

"அண்ணே, அது அவ இல்ல. நான்."

மிர்வாஹித் நின்றார். அவருக்கு முதலில் புரியவில்லை. தோழிக்காகப் பழியை ஏற்றுக்கொள்கிறாள் என்றுதான் நினைத்தார். இனோபத் எழுந்து நின்று, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சாக்கில் போவதை வைத்து ஹோஸியத் என்ன செய்கிறாள், அங்கியைப் பிரித்தது, தான் அறுத்தது. கடைசியில் பூ பாதியில் நின்றதைச் சொல்லும்போது அவர் குனிந்து தரையைப் பார்த்தார்.

"மெத்தைக்குன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அதேசமயம் சொன்ன சொல்லை எல்லோர் முன்னாலும் திரும்ப வாங்குகிறவரும் இல்லை. ஹோஸியத்தின் கஷ்டம் தனக்குத் தெரியாமல் போனது தப்புதான், ஆனால் கஷ்டம் சொல்லி என் துணியை அறுக்கலாம் என்று விட்டால் நாளைக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு கஷ்டம் இருக்கும் என்றார். மர்ஹபோ வேலைக்கு வரட்டும், இனோபத்தின் தறி குளிர்காலம் முடிகிறவரை நிற்கும். வேண்டுமானால் வீட்டில் உட்கார்ந்து ஊடைக்குப் பருத்தி நூல் சுற்றித் தரலாம். தீர்ப்பு அவ்வளவுதான். எந்தத் தறியைக் காப்பாற்ற அந்த வேலையில் இறங்கினாளோ அந்தத் தறியை விட்டு இனோபத் எழுந்து வெளியே வந்தாள். மர்ஹபோ பின்னாலேயே ஓடிவந்து தெருமுனைவரை அழுதுகொண்டே நடந்தாள். இனோபத்தான் அவளைத் தேற்றித் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

வீட்டில் எர்காஷ் கோபப்படவில்லை. "சரி, விடு" என்றான். அந்த இரண்டு வார்த்தையில் குளிர்காலம் முழுவதும் அவள் காதில் விழுந்தது. ஹோஸியத் அறையிலிருந்து வெளியே வரவில்லை. மர்ஹபோ அவளிடமும் போய்ச் சொல்லியிருப்பாள் என்று இனோபத்துக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். 'எனக்காகத்தானே அண்ணி' என்ற ஒரு வார்த்தை போதும். அது வரவில்லை.

திங்கட்கிழமை காலை, எல்லோரும் தஸ்தர்கான் விரிப்பைச் சுற்றி டீயும் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தபோது ஹோஸியத் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"நேத்து மிர்வாஹித் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். சும்மா நிக்கிற தறிய எனக்குக் குடுங்கன்னு கேட்டேன். சரின்னுட்டார். இன்னிலருந்து போறேன்" என்றாள்.

இனோபத்துக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது.

"எந்தத் தறி? என் தறியா?"

"அவரு தறி அண்ணி. எங்கப்பா கட்டுன பாவு ஓடுன தறி. எனக்கும் நெய்யத் தெரியும்."

எர்காஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் இனோபத்தின் வாயிலிருந்து அது வந்துவிட்டது. எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாது. வெகு நாளாக உள்ளே எங்கோ கிடந்திருக்க வேண்டும்.

"கட்டுனவனப் பிடிச்சு வெச்சுக்கத் தெரியல. அடுத்தவ தறியப் பிடிக்க மட்டும் தெரியுது."

ஒய்தின் ரொட்டியைக் கீழே வைத்தாள். பையன்கள் இரண்டு பேரும் டீக்கிண்ணத்துக்குள் பார்த்தார்கள். ஹோஸியத் குனிந்து மகளின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அப்படியே போகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். எர்காஷ் பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

அன்றைய பகல் இனோபத்துக்கு நகரவே இல்லை. ராட்டையில் பருத்தி சுற்றினாள். நூல் அறுந்தது, முடிந்தாள், மறுபடி அறுந்தது. கோபம் முதலில் எரிந்தது: என் தறி, நான் கண்டுபிடித்த முறை, நான் பேசிக் காப்பாற்றியவள் ஒருத்தி, என் இடத்தில் உட்காருகிறவள் இன்னொருத்தி. மதியத்துக்குமேல் கோபம் தணிந்து, அதனடியில் இருந்தது மேலே வந்தது. தான் சொன்ன சொல். அதை யார் சொல்லியிருந்தாலும் அடித்திருப்பாள். ஹோஸியத் மட்டும் வேறு என்ன செய்திருக்க வேண்டும்? பட்டை நான் நிறுத்தினேன். திருட்டுப் பட்டை அவள் வேண்டாமென்றாள். மகளுக்கு ரொட்டி வேண்டும். காலியாக இருந்தது ஒரு தறி. அவள் இடத்தில் தான் இருந்தாலும் போய்க் கேட்டிருப்போமா என்று யோசித்தாள். கேட்டிருப்போம் என்றுதான் தோன்றியது. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தாள். கேட்கவில்லை. அன்றும் இல்லை, அடுத்து வந்த நாட்களிலும் இல்லை. இவள் சுற்றிய நூலைக் கூடையில் வைப்பாள். காலையில் ஹோஸியத் அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு போவாள். ஒருத்தி சுற்றியதை ஒருத்தி நெய்தாள். பேச்சு வார்த்தை மட்டும் இல்லை. பழக்கமில்லாத மிதியால் ஹோஸியத்துக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது; சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றுவாள். இனோபத் சூடுபண்ணிய உப்பு மூட்டையை ஒய்தின் கையில் கொடுத்தனுப்பினாள். அது திரும்பி வரவில்லை, அதனால் அவள் வைத்துக்கொண்டாள் என்று தெரிந்தது.

முதல் பனி விழுந்த சமயம். இனோபத் அடுப்படியில் பூசணிக்காய் சம்சாவுக்கு மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஹோஸியத் தறியிலிருந்து வந்து, நேரே தன் அறைக்குப் போகாமல், அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்றாள். தலைத்துணியில் பனி உருகிச் சொட்டியது.

"பாவு முடியப்போவுது" என்றாள் யாரிடமோ சொல்வதுபோல. "கம்பி கிட்ட வந்துருச்சு. நடு நல்லா நிக்குது, ஓரம் தொய்யுது. நீ காட்டிக்குடுத்தத மர்ஹபோ ஒரு மாதிரி சொல்றா, இன்னொருத்தி வேற மாதிரி சொல்றா. அறுத்துரலாமான்னு பாத்தேன். அறுத்தா ஒரு முழம் போயிரும்."

இனோபத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஒரு வட்டம் தேய்த்து முடித்தாள். அதன் நடுவே பூசணித் துருவலை வைத்து மடித்து ஓரத்தை அழுத்தினாள். சொல்லாமல் விட்டால் என்ன என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அந்த ஓரத்துக்காகத் தான் இரண்டு பாவைக் கெடுத்துக்கொண்டு கண்டுபிடித்ததை, யாரும் தனக்குச் சொல்லித் தந்ததில்லை. கதவில் நின்றவள் போகவும் இல்லை, மறுபடி கேட்கவும் இல்லை.

"கயித்த நடுவுலருந்து கட்டியிருப்ப" என்றாள் இனோபத் கடைசியில்.

"ஆமா."

"அவுத்துடு. ரெண்டு ஓரத்துக் கொத்தையும் முதல்ல கட்டு, இறுக்கமா. அப்புறம் ஓரத்துலருந்து நடுவுக்கு வா. கல்லுல பாதிய எடுத்துரு, அவ்வளவு கனம் அந்தக் குட்டைப் பாவுக்கு ஆகாது." மாவுக் கையை நீட்டி, விரல்களைப் பாவு மாதிரி விரித்துப் பிடித்துக் காட்டினாள். "ஊடைய லேசா ஈரம் பண்ணிக்க. மெதுவா அடி."

ஹோஸியத் பக்கத்தில் வந்து அந்த விரல்களைப் பார்த்தாள். தன் விரலால் ஓர விரல் இரண்டையும் தொட்டு, "முதல்ல இது ரெண்டும்" என்றாள்.

"ம்."

"அன்னிக்கு நீ சொன்னத நான் மறக்க மாட்டேன் அண்ணி."

"தெரியும்" என்றாள் இனோபத். "நானும்தான்."

ஹோஸியத் கைகழுவி வந்து, பேசாமல் எதிரே உட்கார்ந்து, பூசணித் துருவலை அள்ளி வட்டங்களின் நடுவே வைத்துக்கொண்டே போனாள். எர்காஷ் வந்து பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டான்.

அந்தப் பாவில் மிச்சம் ஒரு சாணுக்கும் குறைவாக விழுந்தது என்று மர்ஹபோ வந்து சொன்னாள். வசந்தகாலப் பண்டிகையான நவ்ருஸ் கழிந்து ஆர்டர் கூடியபோது மிர்வாஹித் இனோபத்துக்கு ஆள் அனுப்பினார். அவள் பழைய தறி ஹோஸியத்திடமே இருந்தது. இவளுக்கு ஜன்னல் இல்லாத பக்கத்தில் வேறொன்று கிடைத்தது. இருவரும் காலையில் ஒரே தெருவில் போனார்கள். சில நாள் சேர்ந்து நடந்தார்கள், சில நாள் முன்னும் பின்னுமாக.